ஹட்டன் ஏத்தத்துல கிளச்சும் நானும்

மலையில ஹயர்னு வாடகைக்கு வண்டி ஓட்டுறவங்களுக்குச் சோறு போடுறது இடது கால்தாங்க. அது சொன்ன பேச்சு கேக்கலைன்னா வண்டியோட சேர்ந்து நம்ம மானமும் பின்னால உருண்டுடும்.

கொட்டகலையில ஒன்பது வருசம் ஆட்டோ ஓட்டினேன். அதை மச்சானுக்குக் கொடுத்துட்டு, பழைய சின்னக் கார் ஒன்னு எடுத்துக்கிட்டு ஹட்டன் கார் ஸ்டாண்டுக்கு வந்தேன். அந்த ஸ்டாண்டு இருக்கிறதே ஒரு ஏத்தத்துல. ஏழெட்டுக் காருங்க ஒன்னுக்குப் பின்னால ஒன்னா மேட்டைப் பார்த்து நிக்கும். முதல் காருக்கு ஹயர் வந்து கிளம்பினா, மத்த எல்லாரும் ஒரு கார் நீளம் மேல ஏறணும். நாள் முழுக்க இதே வேலை. கிளச் மக்கர் பண்ற வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனைன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, பட்டவங்களுக்குத் தெரியும்.

ஸ்டாண்டுத் தலைவர் செல்லதுரை அண்ணன் என்னை ஒரு பார்வை, வண்டியை ஒரு பார்வை பார்த்தாரு. ஒரு மாசம் ஓட்டிப் பாருன்னாரு. அந்த ஒரு மாசத்துல ஒரு தடவை பின்னால உருண்டு அடுத்தவன் வண்டியில முட்டினாலும் ஸ்டாண்டுல இடம் கிடையாதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. ஆட்டோவையும் கொடுத்தாச்சு, இடமும் போச்சுன்னா என் கதி அதோ கதிதான். ஆனாலும் பாருங்க, அன்னைக்கு எனக்குப் பயத்தைவிடச் சந்தோசம்தான் அதிகம். நாலு சக்கரத்துல உக்காந்துட்டேனே.

கை செஞ்ச வேலை

ஆட்டோவுக்குக் கிளச் இடது கையில. பிடியை அமுக்கித் திருப்பினா கியர் விழும். ஒன்பது வருசம் அமுக்கின கை, காருக்கு மாறினதும் சும்மா இருக்குமா? முதல் ஹயர், நோர்வூட் பக்கம் படிப்பிக்கிற ஒரு டீச்சர். கியர் மாத்துற ஒவ்வொரு தடவையும் என் கை கியர் தலையைப் போட்டு இறுக்கி அமுக்குது. கால் அது பாட்டுக்குத் தூங்குது. வண்டி கர்ருனு கத்தி, ஒரு குலுக்குக் குலுக்கி நின்னுடும்.

டிக்கோயா தாண்டுறதுக்குள்ள மூணு தடவை நின்னாச்சு. பின்னால பஸ்காரன் ஹோர்ன்ல இருந்து கையை எடுக்கவே இல்ல. டீச்சர் குடையை மடியில வச்சுக்கிட்டு என் இடது கையையே பார்த்துக்கிட்டு வந்தாங்க. இறங்கும்போது ரொம்பப் பொறுமையாக் கேட்டாங்க: "ஏம்மா, ரொட்டிக்கு மாவு பிசையிற மாதிரி அந்தக் கம்பியை ஏன் இந்தப் பிசை பிசையிறீங்க?"

நானா சொன்ன புத்தி

கை அடங்கின பிறகுதான் கிளச்சோட குணம் தெரிஞ்சுது. நல்ல வண்டியில காலைக் கொஞ்சம் எடுத்தாலே கிளச் பிடிச்சு வண்டி நகரும். என் வண்டியில முழங்கால் ஸ்டீயரிங்கைத் தொடுற அளவுக்குக் காலைத் தூக்கணும். அதுவரைக்கும் ஒன்னுமே நடக்காது. பிறகு திடீர்னு பிடிக்கும். அந்த இடத்தைத் தவறவிட்டா ஒன்னு நின்னுடும், இல்லைன்னா பின்னால போயிடும்.

கராஜ் வச்சிருக்கிற நிசாம் நானாகிட்ட ஓடினேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்க பக்கம் நானான்னுதான் கூப்பிடுவோம். பிளேட் தேஞ்சு போச்சு, புதுசு கொழும்புல இருந்து வரணும்னாரு. அதுக்குள்ள நான் என்ன பண்றதுன்னு கேட்டேன். செருப்பைக் கழட்டிட்டு ஓட்டச் சொன்னாரு. ஆக்சிலேட்டரை நல்லா அமுக்கி வச்சுக்கிட்டு, கிளச்சை டக்குனு மேல வரைக்கும் விட்டுட்டு, அங்க பிடிக்கும்போது ஹேண்ட் பிரேக்கை இறக்கணும். பத்து நாள் விடியக்காலையில ஃபேக்டரி ரோட்டுல வெறுங்காலோட பழகினேன். அந்தக் குளிர்ல கால் விரல் இருக்கா இல்லையான்னே தெரியாது. நடுவுல ஒரு நாள் அழுதுட்டே போய் நின்னப்ப நானா சொன்னாரு: "புதுப் பிளேட் வர்ற வரைக்கும் கோவிச்சுக்காம இதோடயே குடும்பம் நடத்துங்க தங்கச்சி."

கல்லும் கையுமா ஒரு பெரியம்மா

எங்க தேயிலைத் தோட்டத்து ஆளுங்களுக்கு ஒரு பழக்கம். ஏத்தத்துல வண்டி நின்னுட்டா யாரும் சொல்ல வேண்டியதில்ல, கதவைத் திறந்துக்கிட்டு இறங்கி ஒரு கல்லைத் தேடி டயருக்குப் பின்னால வச்சிடுவாங்க. ஒரு நாள் மேல் லயத்து வரிசை வீட்டுப் பெரியம்மா ஒருத்தங்க அரிசியும் மரக்கறியும் வாங்கிக்கிட்டு என் வண்டியில வந்தாங்க. லயத்துக்குப் போற ரோட்டுல, பாதி ஏத்தத்துல வண்டி நின்னுடுச்சு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள பெரியம்மா இறங்கிக் கல்லை வச்சிட்டாங்க.

கல்லு பிடிச்சதும் எனக்குத் தைரியம் வந்துடுச்சு. ஆக்சிலேட்டரை அமுக்கினேன், கிளச்சை விட்டேன், வண்டி ஜம்முனு ஏறுது. எனக்குத் தலைகால் புரியல. காரு ஏறுச்சு, அரிசி ஏறுச்சு, மரக்கறி ஏறுச்சு. பெரியம்மா ஏறல. கண்ணாடியில பார்த்தா ரோட்டு நடுவுல நிக்கிறாங்க. நிப்பாட்டினா மறுபடி ஏத்த முடியாது. அதனால மேல கோயில் பக்கம் சமதரைக்குப் போய்த்தான் நிறுத்தினேன். கால் மணி நேரம் கழிச்சு மூச்சு வாங்கிக்கிட்டு வந்து சேர்ந்தாங்க. திட்டு விழப் போகுதுன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். பார்த்தா கையில அந்தக் கல்லு. அதை முன் சீட்டுக்குக் கீழ வச்சிட்டுச் சொன்னாங்க: "இது இங்கயே கிடக்கட்டும்மா, அடுத்தாள் பாவம், மழையில கல்லு தேடிக்கிட்டுத் திரியக் கூடாது."

ரவி குடிச்ச டீ

ஸ்டாண்டுல எனக்குப் பின்னால நிக்கிறது ரவி. போன வருசம்தான் புதுசா பெயிண்ட் அடிச்ச வண்டி. வரிசை நகரும்போதெல்லாம் அவன் இறங்கி வந்து என் பம்பர்ல கையை வச்சுக்கிட்டு நிப்பான், ஏதோ அவன் கையில காரு நிக்கிற மாதிரி. எனக்கு வெக்கமாவும் இருக்கும், கோவமாவும் இருக்கும்.

மூணாவது வாரம் ஒரு ஞாயித்துக்கிழமை. கடைக்கு வந்த சனம், மழை வேற, ஹயருக்கு மேல ஹயர். நான் ஹயருக்குப் போறதும் வந்து வரிசையில ஏறுறதுமா எத்தனை தடவை ஏறினேன்னு எனக்கே தெரியல. ஒரு தடவைகூட ஒரு விரல் அளவு பின்னால போகல. சாயங்காலம் அதை உணர்ந்தப்ப எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு. ரவி கண்ணாடியை இறக்கிச் சொன்னான்: "அக்கா, இன்னைக்குத்தான் நான் வண்டிக்குள்ளயே உக்காந்து டீ குடிச்சேன்."

கடைசி நாள்

மாசம் முடியிற அன்னைக்குக் காலையில நானா கூப்பிட்டாரு. புதுப் பிளேட் வந்திருந்துச்சு. மத்தியானத்துக்குள்ள போட்டுக் கொடுத்துட்டு, இனி காலை மெதுவா எடுங்க, சீக்கிரம் பிடிக்கும்னு ரெண்டு தடவை சொன்னாரு. நானும் ரெண்டு தடவை தலையை ஆட்டினேன். தலை கேட்டுச்சு, கால் கேக்கல.

ஸ்டாண்டுக்கு வந்து நின்னேன். எனக்கு முன்னால செல்லதுரை அண்ணன் காரு, பின்னால ரவி. முதல் வண்டி போச்சு, வரிசை ஏறுச்சு. பழக்க தோசத்துல ஆக்சிலேட்டரை ஒரே அமுக்கா அமுக்கி, கிளச்சை டக்குனு மேல வரைக்கும் விட்டேன், ஹேண்ட் பிரேக்கையும் இறக்கினேன். வண்டி ஒரு பாய்ச்சல் பாஞ்சு, டமார்னு தலைவர் காரு பின்னால போய் முட்டி நின்னுச்சு.

இருபத்தொன்பது நாள் உசுரைக் கொடுத்துப் பழகினதெல்லாம் போச்சேன்னு ஸ்டீயரிங்கைப் பிடிச்சபடியே உக்காந்திருந்தேன். செல்லதுரை அண்ணன் இறங்கினாரு. அவர் பம்பரைப் பார்த்தாரு, ஒரு பள்ளம் விழுந்திருந்துச்சு. என் பம்பரைப் பார்த்தாரு. பிறகு நடந்து என் வண்டிக்குப் பின்னால போய், எனக்கும் ரவிக்கும் நடுவுல இருந்த இடைவெளியை ரொம்ப நேரம் பார்த்தாரு. நான் சாவியை உருவினேன்.

அவரு கண்ணாடிக்குக் கிட்ட வந்து, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு: "பின்னால முட்டினா இடமில்லைன்னுதான் பேச்சு, முன்னால முட்டினதுக்கு ஒரு நாளைக்குக் கூட்டம் போட்டுப் பேசிக்கலாம், அதுவரைக்கும் வரிசையில நில்லு புஷ்பா."

அந்தக் கூட்டத்தை இன்னும் போடல. அதனால கிளச்சோட மல்லுக்கட்டுற அண்ணன்மாரே, அக்காமாரே, கெட்ட கிளச்சுக்குக் காலைப் பழக்கினவங்க நல்ல கிளச் போடுற அன்னைக்கு முன்னால நிக்கிறது யாரு வண்டின்னு மட்டும் ஒரு தடவை பார்த்துக்குங்க.