அக்காவுக்கும் தம்பிக்கும் பொதுவான பதினோரு தொடர்கள்

எங்கள் ஊரில் வானம் கறுத்தால் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவோம். போர்ட் பிளேரில் என் அலுவலகத்தில் மேகம் திரண்டால் எல்லோரும் கணினியை நோக்கி ஓடுகிறார்கள். இங்கே இணையம் செயற்கைக்கோள் வழியாக வருகிறது. மழை வலுத்தால் அறுந்துவிடும். அனுப்ப வேண்டிய மெயிலை அதற்குள் அனுப்பிவிட வேண்டும். கோவில்பட்டியிலிருந்து வேலைக்கு வந்த முதல் மாதம் இதைப் பார்த்துச் சிரித்தேன். இரண்டாம் மாதம் நானும் ஓடினேன்.

கல்லூரி விடுதியில் நானும் என் அறைத்தோழி கவிதாவும் ஜப்பானிய அனிமே தொடர்களே கதியென்று கிடந்தவர்கள். இங்கே அவற்றை இணையத்தில் பார்க்க வழியில்லை. மெயின்லேண்ட் போய் வருபவர்கள் ஹார்ட் டிஸ்க்கில் நிரப்பிக்கொண்டு வந்தால்தான் உண்டு. சென்னையில் இருக்கும் கவிதாவை விட்டு ரசனையில் எவ்வளவு விலகிவிட்டேன் என்று பார்க்க ஆசைப்பட்டு, மரைன் ஹில்லில் வாடகை அறையில் உட்கார்ந்து ஒரு சின்ன மென்பொருள் எழுதினேன். இரண்டு பேர் பார்த்த தொடர்களையும் அவற்றுக்குத் தந்த மதிப்பெண்களையும் கொடுத்தால், இரண்டு வட்டங்கள் வரையும். இருவரும் பார்த்தவை வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் புள்ளிகளாக விழும். மதிப்பெண் ஒத்துப்போனால் புள்ளி பச்சை, முரண்பட்டால் சிவப்பு.

அதை முதலில் பார்த்தவள் தவமணி. எங்கள் அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி செய்பவள், இருபத்தொரு வயது. இலங்கை மலையகத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, தெற்கே இன்னொரு தீவில் இருக்கும் ஹட் பேயில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குடியமர்ந்த குடும்பம்.

“அரே அக்கா, இது ஜாதகப் பொருத்தம் பாக்குற சாஃப்ட்வேரா?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒரு பையன் லிஸ்ட் தந்தா போட்டுப் பாக்கலாமா?” என்றாள்.

“யாரு அந்தப் பையன்? உங்க அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாம எப்படி? அவர் பெத்த பையன்தானே!”

சிரித்தவள் உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். சுனாமியில் அவர்கள் அம்மா போய்விட்டார். அப்போது தவமணிக்குப் பன்னிரண்டு வயது, தம்பி செல்வத்துக்குப் பத்து. கடலைப் பார்த்தாலே நடுங்கிய தம்பியைச் சித்தப்பா ஈரோட்டுக்குக் கூட்டிப்போனார். தவமணி அப்பாவோடு முகாமில் தங்கினாள். ஒன்பது வருடங்களாக வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு. “சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன்.” அதற்குமேல் பேச்சு நகராது. போன வாரம்தான் அவன் தற்செயலாகச் சொல்லியிருக்கிறான், தானும் அனிமே பார்ப்பதாக.

பட்டியல் மெயிலில் வந்தது. வட்டங்களை வரைந்தேன். பொதுவாகப் பதினொன்று, அவற்றில் பத்து பச்சை. தவமணி கைதட்டினாள். பதினொன்றாவது புள்ளியில் மட்டும் நிறமே இல்லை. தொலைந்த நாயைத் தேடிப் போகும் ஒரு சிறுமியின் கதை அது. தவமணி பத்துக்குப் பத்து கொடுத்திருந்தாள். செல்வம் பெயரை எழுதிவிட்டு மதிப்பெண்ணை விட்டுவிட்டிருந்தான்.

தவமணி அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். “டேய், அந்த நாய்க் கதைக்கு ஏன்டா மார்க் போடல?”

“முழுசாப் பாக்கலியே. எப்படிப் போடுறது?”

“பக்கத்து வீட்டுல வாராவாரம் சேர்ந்துதானே பாத்தோம்?”

“அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் பாக்கல.”

தொடர் ஞாயிறு காலை எட்டு மணிக்கு வருமாம். அந்த ஞாயிறு எட்டு மணிக்கு முன்பே கடல் வந்துவிட்டது.

நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். தவமணி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “அக்கா, நாய் கெடச்சுச்சா?”

“கெடச்சுச்சுடா. கடைசிப் பகுதியில கெடச்சுச்சு. நான் இங்க வேலைக்கு வந்தப்புறம் தனியாப் பாத்தேன்.”

அதன்பிறகு பேச்சு நிற்கவில்லை. “நீ ஏன் என்னை அனுப்பிவிட்ட?” என்று அவன் கேட்டான். “நான் எங்கடா அனுப்புனேன்? நீதான் திரும்பிக்கூடப் பாக்காம போன” என்று இவள் கத்தினாள். “திரும்பிப் பாத்தா அழுதிருவேன். நான் அழுதா அப்பாவும் அழுவாரு” என்றான். வெளியே மழை பிடித்து இணையம் போனது. அன்று யாருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை.

வேலைக்காகத்தான் இந்தத் தீவுக்கு வந்தேன். இரண்டு வருடத்தில் மாற்றல் வாங்கிவிடும் எண்ணமும் இருந்தது. ஆனால் என் கையால் செய்த ஒன்று இன்னொருவர் வாழ்க்கைக்குள் போய் உட்கார்ந்ததை இங்கேதான் பார்த்தேன். அந்தப் பாக்கியத்துக்கு நான் யாருக்கு நன்றி சொல்வது? மாற்றலுக்கு இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துச் செல்வம் வந்தான். அப்பாவைப் பார்க்க ஹட் பே போகக் கப்பல் ஏற வேண்டும். “நீங்களும் வாங்க அக்கா, நம்ம வீடுதான்” என்று தவமணி என்னையும் இழுத்துப்போனாள். டிக்கெட் எடுக்குமிடத்தில் தீவுக்காரர்களுக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு ஒன்று. தவமணி, தீவுக்காரி என்று காட்டும் தன் ஐலண்டர் கார்டோடு முதல் வரிசையில் நின்றாள். கார்டு வாங்கும் வயதுக்கு முன்பே தீவை விட்டுப்போன செல்வம் என்னோடு இரண்டாவது வரிசையில் நின்றான். “இங்கதான்க்கா பொறந்தேன்” என்று, நான் ஏதோ கேட்டுவிட்டதுபோல, மெதுவாகச் சொன்னான்.

தவமணி எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு சட்டென்று வரிசையை விட்டு வந்து தம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். முதல் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றிருந்த வங்காள அம்மா முன்னால் நகரவில்லை. அவள் திரும்பி வருவாள் என்று நினைத்தாரோ என்னவோ, காலியான இடத்தில் தன் பையை வைத்துவிட்டு எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.