பைகளுக்குக் காவல்

"அம்மா, நான் வேண்டாம்னு சொன்னப்ப நீ ஏன் எறங்கல?"

எட்டு வயது இனியா, என் மகள், இதைக் கேட்டு ஒரு மாதம் ஆகிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எருமப்பட்டியிலிருந்து வேன் பிடித்து, குடும்பத்தோடு ஓர் அம்யூஸ்மெண்ட் பார்க்குக்குப் போயிருந்தோம். எங்கள் குடும்பச் சுற்றுலாக்களில் எழுதாத விதி ஒன்று உண்டு. மற்றவர்கள் சுற்றுவார்கள், மருமகள் பெஞ்சில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்வாள். ஏற்காடு, ஒகேனக்கல், கொடைக்கானல்... ஒன்பது வருடத்தில் எல்லா ஊரும் எனக்கு ஒரு பெஞ்சாகத்தான் ஞாபகம் இருக்கிறது.

லாக்கர் இருக்கிறதே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அதெதுக்கு, அதான் நீ இருக்கியே!" என்றார்கள்.

அந்தப் பார்க்கில் மைன் ட்ரெயின் என்று ஒரு ரோலர் கோஸ்டர். செம்மண் நிறத்தில் சிமெண்ட் மலை, அதற்குள் புகுந்து புகுந்து வெளியே வரும் தண்டவாளம், துருப்பிடித்தது போல பெயிண்ட் அடித்த சுரங்கப் பெட்டிகள். நான் சேலத்தில் வெள்ளைக்கல் சுரங்கத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள். நிஜத்தில் எந்தச் சுரங்கமும் இவ்வளவு அழகாக இருக்காது!

"நானும் போறேன்மா!" என்றாள் இனியா. உயரம் அளந்த ஊழியர், கூடப் பெரியவர் ஒருவர் ஏறினால் விடலாம் என்றார்.

கணவரைப் பார்த்தேன். ரிக் லாரியோடு ஒரிசா வரை போய் போர்வெல் போட்டுவிட்டு வருகிற மனிதர்.

"ஏனுங்க, நீங்க கூட்டிட்டுப் போங்க."

"எனக்குத் தலை சுத்தும் புள்ள."

சரி, நான் போகிறேன் என்று எழுந்தேன். கேஸ் அடுப்பை மூடினோமா என்று மூன்று முறை பார்க்கிற ஆள் நான் — நினைவிருக்கட்டும்.

கணவரின் அக்கா — எங்கள் பக்கம் நங்கையா என்போம் — விடவில்லை. "நீ எங்க கண்ணு போற? பைய ஆரு பாக்கறது? பொட்டப்புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு? கையி காலு ஒடஞ்சா நாளைக்கு ஆரு கட்டுவா?"

அவருடைய மகன் அப்போதுதான் அதே ரயிலில் இரண்டு ரவுண்டு போய்விட்டு வந்திருந்தான். அவன் கை காலைப் பற்றி யாராவது கவலைப்பட்டார்களா?

"அப்ப நீங்க பாத்துக்கோங்க நங்கையா."

பைகளை அவர் மடியில் வைத்துவிட்டு நடந்தேன்.

உட்கார்ந்தோம். எதிரே குகையின் இருட்டு வாய். இனியா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேண்டாம்மா. எறங்கிக்கலாம்."

இறங்கியிருக்கலாம். பாதுகாப்புக் கம்பி இன்னும் மடிக்கு வரவில்லை. ஆனால் வேலிக்கு அப்பால் அந்த பெஞ்ச் தெரிந்தது. நங்கையா பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் ஆகாது சாமி, உக்காரு" என்றேன். கம்பி இறங்கியது... டக்.

சங்கிலி எங்களைக் கடகடவென்று மேலே இழுத்தது. உச்சியில் ரயில் ஒரு நொடி நின்று, இருட்டுக்குள் விழுந்தது. இருவரும் கத்தினோம். ஏதோ ஒரு வளைவில் என் கத்தல் சிரிப்பாக மாறிவிட்டது. அவளுடையது மாறவில்லை.

இறங்கியபின் அவள் அழவில்லை. தண்ணீர் குடித்தாள். திரும்பும்போது வேனில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

பெண் பிள்ளைக்கு ஏன் கூடாது என்று சண்டை போட்டவள் நான். அந்தப் பிள்ளையே வாய் திறந்து வேண்டாம் என்றபோது காதில் வாங்கவில்லை. அதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நங்கையாவிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். பையைக் கொடுத்தது தப்பா, எழுந்து போனது தப்பா என்று நூறு முறை யோசித்தாகிவிட்டது. தப்பே இல்லை!

இப்போது மறுபடியும் அதே பார்க்குக்கு வேன் பேசுகிறார்கள். இந்த முறை இனியாவிடம் முதலிலேயே கேட்டேன். பதில் வரும்வரை காத்திருந்தேன்.

"நீ போயிட்டு வாம்மா. உனக்குத்தான் புடிச்சிருந்துச்சே. நான் பையப் பாத்துக்கறேன்."

தூக்கிவாரிப் போட்டது. எந்த பெஞ்சிலிருந்து எழுந்து வந்தேனோ, அதில் போய் உட்கார என் மகள் தயார்!

நீங்கள் சொல்லுங்கள். அவளைக் கீழே விட்டுவிட்டு நான் மட்டும் ஏறட்டுமா? இல்லை, ஏற வேண்டும் என்று அவளுக்கு எப்போது தோன்றுகிறதோ அதுவரை அவளோடு கீழேயே நிற்கட்டுமா? எதுவானாலும் எழுதுங்கள்.

பையை யார் பார்ப்பது என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த முறை லாக்கர்தான்!