பின்னாலிருந்து கூப்பிட்டது

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் நான் பேசி அனுப்புவதைக் கேட்டு என் மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். நான் ‘கீது’ என்றால் அவள் ‘இருக்கிறது’ என்று போட்டுக்கொள்கிறாளாம்; ஒருத்தரோடு ஒருத்தர் பேசினதை மட்டும் அப்படியே விடுகிறாளாம். போடட்டும். விஷயம் என்னுடையது.

அவளுக்கு வேலை வெளிநாட்டில், ஆடு மாடு மேய்கிற மலைகளுக்கு நடுவே. எங்கள் பழவேற்காடு கோட்டைக்குப்பம் கோயிலைவிட உயரமான ஒரு தாம்பாளத்தை அங்கே வானத்தைப் பார்த்து நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். பூமியை விட்டு ரொம்ப தூரம் போய்விட்ட கலங்கள் என்ன சொல்கின்றன என்று அதில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். லீவில் வந்தபோது, இறால் உரித்துக்கொண்டிருந்த எங்களோடு உட்கார்ந்து இதைச் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் வாய் சும்மா இருக்காது.

“தொலைஞ்சு போனத தேடுற வேலையா? அதுக்கா இவ்ளோ படிக்க வெச்ச? எம் புருசன் போன வாரம் தொலைச்ச வலைய மொதல்ல தேடிக் குடுக்கச் சொல்லு.”

“உம் புருசன் வலைய எங்க வுட்டான்னு ஊருக்கே தெரியும். அதுக்கு எம் பேத்தி எதுக்கு?” என்றேன்.

ராக்கெட் எங்களுக்குப் புதிதில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் அதை விடுகிற நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்பார்கள். வீட்டில் எவர்சில்வர் தட்டெல்லாம் கிணுகிணுக்கும். அண்ணாந்து பார்த்துவிட்டு மீனை அரியப் போய்விடுவோம். போனது அப்புறம் என்ன ஆகிறது என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

“எல்லாம் பக்கத்துலயே சுத்தும் ஆயா. ஒண்ணு ரெண்டுதான் ரொம்ப தூரம் போச்சு. ஒண்ணு கீது, நீ கல்யாணமாயி இந்தக் குப்பத்துக்கு வந்தியே, அந்தக் காலத்துல விட்டது. இன்னும் போயிக்கினே கீது.”

“இன்னும் பேசுதா?”

“பேசுது. பிரிட்ஜுக்குள்ள ஒரு பல்பு எரியுமே, அவ்ளோதான் அதோட சத்து. நாம ஒரு வார்த்தை சொன்னா அது போய்ச் சேர முக்கால் நாளு. அது பதில் சொன்னா வர முக்கால் நாளு.”

ஒரு தடவை இங்கிருந்து தவறான ஒரு வார்த்தை போய்விட்டதாம். அதைக் கேட்டு அந்தக் கலம் நம் பக்கம் வைத்திருந்த முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டது. அதன் பேச்சு நின்றுபோனது.

நான் உரித்துக்கொண்டிருந்த இறாலைக் கீழே வைத்துவிட்டேன். “தப்பா சொன்னவங்கள இன்னா பண்ணாங்க?”

“அத்தப் பாக்க எங்க ஆயா நேரம்? இருக்கிற சத்தையெல்லாம் கூட்டி மறுபடியும் கூப்ட்டோம். ஒன்றரை நாள் காது குடுத்துக்கினு உக்காந்திருந்தோம். திரும்பிப் பாத்துச்சு.”

பக்கத்து வீட்டுக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு போகும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அதுவரை யாரிடமும் சொல்லாததை அப்புறம் பேத்தியிடம் சொன்னேன்.

எங்கள் குப்பத்தில், கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எதை மறந்துவிட்டுப் போனாலும் கூப்பிடக் கூடாது. என் புருஷன் கட்டுமரத்தில் தனியாகத் தொழிலுக்குப் போகிறவர். ஒருநாள் காலை, நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, மரத்தைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தார். நான் பின்னாலேயே ஓடிப்போய், “யோவ், இந்தா” என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் திரும்பி, “இன்னாமே?” என்றார். அப்போதுதான் நான் செய்த தப்பு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு, கரையில் கிடந்த ஒரு படகுக்குப் பின்னால் ஒளிந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார் போல. எட்டிப் பார்த்தபோது மரம் அலையைத் தாண்டியிருந்தது. மரமும் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை.

ஊர் காற்றைச் சொன்னது. நான் மட்டும் என் வாயைச் சொல்லிக்கொண்டேன். அதிலிருந்து வாடைக்காற்று அடித்தால் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்கும். “இன்னாமே?” கோபமாக இருக்காது. கேட்கிற மாதிரியேதான் இருக்கும். நான் மிக்ஸியைப் போடுவேன், டிவியைச் சத்தமாக வைப்பேன். என் மகளுக்கு நான் சீரியல் பைத்தியம் என்று நினைப்பு.

பேத்தி என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அப்புறம், “எதுக்கு ஆயா கூப்ட்ட?” என்றாள்.

“கொழம்புக்கு நண்டா, இறாவானு கேக்கத்தான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, “அவரு இன்னானு கேட்டுக்கினே கீறாரு. நீ இன்னும் பதிலே சொல்லல” என்றாள்.

அவள் பஸ் ஏறிப் போன பிறகு ஒருநாள் சாயங்காலம் வாடை எழுந்தது. நான் அந்தப் பழைய இடத்துக்குப் போனேன். மணல் மாறிவிட்டது. இருந்தாலும் காலுக்குத் தெரிந்தது. காத்துக்கொண்டு நின்றேன். “இன்னாமே?” என்றது, இடது தோளுக்குப் பின்னால். இந்தத் தடவை ஒளியவில்லை. கடலைப் பார்த்தே சொன்னேன்.

“ஒண்ணுமில்லய்யா. நண்டா, இறாவானு கேக்கலாம்னு கூப்ட்டேன். தப்புதான். நீ சொல்லு.”

பதில் இல்லை. அந்த ராத்திரியும் இல்லை, மறுநாள் பகலும் இல்லை. மிக்ஸியைத் தொடவில்லை, டிவியைப் போடவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. மூன்றாம் நாள் காலையில் வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றரை நாள் ஆகியிருக்கும். காற்றே இல்லை. முதுகுக்குப் பின்னால், அதே குரல்.

“நண்டு.”

கையைக் கழுவிக்கொண்டு பழவேற்காடு மீன் கடைக்குப் போனேன். கனமான பெண் நண்டாகப் பார்த்து எடுத்தேன். வழியில் பக்கத்து வீட்டுக்காரி பையை எட்டிப் பார்த்து, “ஒண்டிக்கட்டைக்கு இவ்ளோ நண்டா? யாரு வராங்க?” என்று கேட்டாள். வேண்டியவர்கள் என்றேன்.

இதை எழுதும்போது பேத்தி போனில், “நெஜமாவா ஆயா?” என்று கேட்கிறாள். நீ எழுது, நான் அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.