அத்தாவின் கபுருக்குள் இறங்கியது யார்?

மொதல்லயே சொல்லிடுறேன், எனக்கு இந்த மாதிரி விஷயத்துல எல்லாம் நம்பிக்கை கெடையாது. இப்பவும் பாதி கெடையாது. நான் வக்கீல் குமாஸ்தா, தல்லாகுளத்துல ஒரு சீனியர் வக்கீல்கிட்ட ரொம்ப வருஷமா இருக்கேன். எவனாவது ஒண்ணு சொன்னா, நீ பாத்தியா, கூட யார் இருந்தா, எம்புட்டு தூரத்துல நின்னன்னு கேட்டே பழகிப்போன ஆளு. அமானுஷ்யக் கதை சொல்றவங்க அமாவாசை, நடுச்சாமம்னு ஆரம்பிப்பாங்க. எனக்கு நடந்தது பட்டப்பகல்ல, மதியத் தொழுகைக்கும் சாயங்காலத் தொழுகைக்கும் நடுவுல, மேலூர்ல, சொந்தபந்தம் அம்புட்டும் கூடியிருக்கும்போது. நீங்க நம்பலைன்னா எனக்கு ஒரு வகையில நிம்மதிதான். நம்புனீங்கன்னா, நான் அன்னிக்குப் பண்ணுன காரியத்தையும் சேத்து நம்பணும்ல.

எனக்கு அப்ப ஒரு நோவு இருந்துச்சு. கோர்ட்டு வராண்டாவுல கேஸ் கட்டைத் தூக்கிட்டு நடந்து போய்க்கிட்டு இருப்பேன், திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்கும், கை ஜில்லுன்னு ஆகும், மூச்சு பாதியில நிக்கும், இந்தா செத்துட்டோம்னு தோணும். கொஞ்ச நேரத்துல தானா அடங்கிரும். டாக்டர்கிட்ட போயி ஈசிஜி எல்லாம் எடுத்தேன். இதயம் நல்லாத்தான் இருக்கு, மனசுதான் பதறுது, மாத்திரை தாரேன், பயப்படாதீங்கன்னாரு. பயம்தான் வியாதின்னு சொல்லிட்டு பயப்படாதீங்கன்னா என்ன பண்றது. வெளிய வந்தப்ப எனக்கு அழுகையா வந்துச்சு. இதயத்துல அடைப்புன்னு சொல்லியிருந்தாக்கூட நாலு பேர்கிட்ட சொல்லியிருப்பேன், சத்தியமா. வீட்ல என் பொண்டாட்டி நஸீமாகிட்ட கேஸ் ட்ரபிள்னு சொல்லி வச்சேன். மாத்திரையை ஆபீஸ்லயே வச்சு முழுங்குனேன்.

ஒரு ஜும்ஆவுல, வெள்ளிக்கிழமைத் தொழுகையில, எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத் இதைப் பத்தித்தான் பேசுனாரு. கவலைக்கு ஒரு துஆ இருக்கு, துக்கத்துக்கு ஒரு துஆ இருக்கு, நபியவங்களே ஓதியிருக்காங்க, மனப்பாடம் பண்ணிக்கங்கன்னாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன், என்னையப் பாத்துத்தான் சொல்றாரோன்னு. வெளிய செருப்பு மாட்டும்போது ஒருத்தரு பக்கத்துல இருந்தவர்கிட்ட, ஈமான் இருக்கவனுக்கு எதுக்குங்க பயம், கவலைங்கிறது நம்பிக்கை பத்தாதவனுக்கு வர்றதுன்னு பேசிக்கிட்டே போனாரு. என்கிட்ட சொல்லல. ஆனா எனக்குத்தான் தச்சுச்சு. அந்த துஆவை நான் கத்துக்கவே இல்ல. கத்துக்கிட்டா வியாதியை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்னு நெனச்சேன்.

இப்படி இருக்கும்போதுதான் அத்தா, அதான் எங்கப்பா, மவுத்தானாங்க. மேலூர் வீட்ல, அம்மாவோடயும் தம்பி ரியாஸோடயும் இருந்தாங்க. அவன் அங்க பஸ் ஸ்டாண்டு பக்கத்துல செல்போன் கடை வச்சிருக்கான். காலையில தொழுதுட்டு வந்து படுத்தவங்க எந்திரிக்கல. நாங்க மதுரையில இருந்து போறதுக்குள்ள சொந்தக்காரங்க வந்துட்டாங்க. நான் மூத்தவன். குளிப்பாட்டும்போது தண்ணி ஊத்துனேன், வெள்ளைக் கபன் துணி சுத்தும்போது தலைப்பக்கம் பிடிச்சேன், எல்லாம் ஒழுங்காத்தான் பண்ணுனேன், நம்புங்க. அத்தாவை வச்ச சந்தூக்குப் பெட்டியைத் தோள்ல தூக்கிப் பள்ளிவாசல் வரைக்கும் வந்தேன்.

மதியத் தொழுகை முடிஞ்சதும் மேலூர் பள்ளிவாசல் ஹஜ்ரத் என்கிட்ட வந்து, அத்தாவோட ஜனாஸாத் தொழுகையை மகன் நீங்க முன்ன நின்னு வைக்கிறீங்களா, நான் வைக்கவான்னு கேட்டாரு. நீங்களே வைங்க ஹஜ்ரத்துன்னேன். சரின்னுட்டு வரிசையைச் சரி பண்ணச் சொன்னாரு. அந்த எடத்துலதான் நோவு பிடிச்சுச்சு. முன்னால சந்தூக்கு, பின்னால அம்புட்டு சனம், நெஞ்சு அடிக்கிற சத்தம் பக்கத்துல இருக்கவங்களுக்குக் கேக்கும்போல இருக்கு. எல்லாருக்கும் முன்னால அத்தாவோட ஜனாஸாவுல விழுந்துருவேன்னு தோணுச்சு. கை கால் கழுவி ஒளு செய்யப் போற மாதிரி ஹவுஸ் தண்ணித்தொட்டி பக்கம் நடந்தேன். அங்க இருந்து பக்கவாட்டு கேட்டு. அங்க இருந்து ரோடு. செருப்பு போடல, போன் வீட்ல சார்ஜுல கெடக்கு. பஸ் ஸ்டாண்டுல மதுரை வண்டி ஒண்ணு நகர்ந்துக்கிட்டு இருந்துச்சு, ஏறிட்டேன். பெத்த தகப்பனைத் தொழுகைக்கு வச்சிட்டு மூத்த மகன் பஸ் ஏறிட்டான். இதுக்கு மேல இதை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

ஒத்தக்கடை தாண்டும்போது மூச்சு சீராச்சு. அப்பத்தான் என்ன பண்ணியிருக்கேன்னு உறைச்சுச்சு. மாட்டுத்தாவணியில எறங்கி, வெறுங்காலோட, ஒரு தூண்ல சாஞ்சு உக்காந்திருந்தேன். திரும்பிப் போக காலு வரல. அங்கதான் சேவியர் என்னையப் பாத்தாரு. அவரும் குமாஸ்தாதான், எங்க ஆபீஸுக்கு எதுத்த ஆபீஸ். துக்கத்துக்கு மேலூர் போறதுக்காக, கையில மாலையோட பஸ்ஸுக்கு வந்திருக்காரு.

"பஷீர், நீங்க இங்க என்ன பண்றீங்க? அடக்கம் முடிஞ்சிருச்சா?"ன்னாரு.

நான் அம்புட்டையும் சொல்லிட்டேன். நோவு, மாத்திரை, ஓடி வந்தது, எல்லாத்தையும். வேற யார்கிட்டயும் சொல்லாததை ஒரு பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து தேம்பித் தேம்பிச் சொன்னேன். அவரு ஒண்ணும் புத்தி சொல்லல. மொதல்ல ஒரு செருப்பு வாங்கிப் போடுவோம், அப்பறம் போவோம், யார் என்ன சொன்னாலும் வாங்கிக்குவோம், நானும் கூட வாரேன்னாரு. பஸ்ஸுல போகும்போது பெரியத்தா, அதான் அத்தாவோட அண்ணன், எப்படி வைவாருன்னு ஒண்ணொண்ணா நெனச்சுப் பாத்துக்கிட்டே போனேன். அடிச்சாலும் அடிப்பாரு, கோபக்காரரு.

நாங்க வீட்டுக்குப் போகும்போது சாயங்காலத் தொழுகை முடிஞ்சு எல்லாரும் பந்தல்ல ஒக்காந்திருந்தாங்க. நான் உள்ள நொழைஞ்சேன். ஒருத்தரும் திடுக்கிட்டுப் பாக்கல. பெரியத்தா எந்திரிச்சு வந்து என் தோளைப் பிடிச்சாரு. அவரு கண்ணு கலங்கியிருந்துச்சு. "மூத்தவனா லட்சணமா கபுருக்குழிக்குள்ள எறங்கி உங்கத்தாவை வாங்கி வச்சடா. எனக்கு மனசு நெறஞ்சிருச்சு"ன்னாரு.

எனக்குப் புரியல. யாரையோ சொல்றாரு, வயசாயிருச்சு, துக்கத்துல தடுமாறுறாருன்னு நெனச்சேன். அப்பறம் ஒவ்வொருத்தரா வந்து கையைப் பிடிச்சாங்க. மொதல் வரிசையில கல்லு மாதிரி நின்னீங்கன்னாரு ஒருத்தரு. கபுருக்குள்ள எறங்குறதுக்கு ஒரு தைரியம் வேணும்னாரு இன்னொருத்தரு. குளிச்சு உடுப்பு மாத்திட்டு வந்தீங்களா, அதான் காணோம்னு பாத்தோம்னு ஒருத்தரு. நான் சேவியரைத் திரும்பிப் பாக்குறேன். அவரு மாலையைக் கையில வச்சுக்கிட்டு மொகம் வெளுத்துப்போயி நிக்கிறாரு.

வாசல்ல என் பழைய செருப்பு கெடந்துச்சு. பள்ளிவாசல்ல விட்டுட்டு ஓடுனேன்ல, அதே செருப்பு. ரெண்டுலயும் அடக்கம் பண்ற மையவாடிச் செம்மண்ணு அப்பியிருந்துச்சு.

இந்த எடத்துல நான் வாயைத் தொறந்திருக்கலாம். நான் அங்க இல்லைங்க, ஓடிட்டேங்கன்னு சொல்லியிருக்கலாம், கையில சாட்சியோடதான நின்னேன். சொல்லல. அவங்க கை கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கிட்டேன். ஓடுனதாச்சும் வியாதின்னு வைங்க. வாங்கிக்கிட்டது வியாதி இல்ல, அது நான். சேவியரும் காட்டிக்கொடுக்காம, அம்மாகிட்ட ஆறுதல் சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு.

பொழுது சாயும்போது ரியாஸ் என்னைய மாடிக்குக் கூட்டிட்டுப் போனான். அவன் என் மொகத்தைப் பாக்காம, மதில்ல கையை ஊனிக்கிட்டுச் சொன்னான். அண்ணே, எனக்கு ஒரு நோவு இருக்கு, நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, நெஞ்சு அடைச்சு செத்துப்போற மாதிரி வருது, கடையில இருக்கும்போதுகூட வரும், ஷட்டரை எறக்கிட்டு உள்ள ஒக்காந்துக்குவேன்னான். அன்னிக்கு மையவாடியிலயும் அவனுக்கு வந்திருக்கு. மண்ணுமேட்டுல அப்படியே ஒக்காந்துட்டானாம். நான் கபுருல இருந்து மேல ஏறி வந்து, அவன் பக்கத்துல ஒக்காந்து, அவன் நெஞ்சுல கையை வச்சு, ஒரு துஆவைத் துண்டு துண்டா சொல்லிக் கொடுத்தேனாம். அவன் திருப்பிச் சொல்லிக்கிட்டே வந்தானாம். அடங்கிருச்சாம்.

"என்ன துஆடா?"ன்னு கேட்டேன்.

"நீ சொல்லிட்டு என்கிட்ட கேக்குற. மனப்பாடம் ஆயிருச்சான்னு பாக்குறியா?"ன்னுட்டு ஓதிக் காட்டுனான். அல்லாஹும்ம இன்னீ அஊது பிக்க மினல் ஹம்மி வல் ஹஸன்னு ஆரம்பிச்சு, தட்டுத்தடுமாறாம கடைசி வரைக்கும் ஓதுனான். நான் வாழ்க்கையில ஒழுங்காக் கேட்டிராத துஆ. அவன் ஓத ஓத நான் மனசுக்குள்ள திருப்பிச் சொன்னேன். அப்படித்தான் கத்துக்கிட்டேன், நான் கத்துக்கொடுத்ததா சொல்றவன்கிட்ட இருந்து.

மதுரைக்கு வந்தப்பறம் எங்க ஹஜ்ரத்கிட்ட அர்த்தம் கேட்டேன். யா அல்லாஹ், வரப்போறதை நெனச்சு வர்ற கவலையில இருந்தும், போனதை நெனச்சு வர்ற துக்கத்துல இருந்தும் உன்கிட்ட பாதுகாப்பு தேடுறேன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. இயலாமையில இருந்து, சோம்பல்ல இருந்து, கஞ்சத்தனத்துல இருந்துன்னு வரிசையா வந்தவரு, கோழைத்தனத்துல இருந்துன்னாரு. நான் தரையைப் பாத்துக்கிட்டேன். அப்பறம், வேற ஒருத்தருக்கு நடந்த மாதிரி சுத்தி வளைச்சு, இப்படி ஒருத்தர் எடத்துல இன்னொருத்தர் நிக்க முடியுமா ஹஜ்ரத்துன்னு கேட்டேன். மலக்குன்னு வானவர் இருக்கு, ஜின்னு இருக்கு, துக்கத்துல இருக்க மனுசன் கண்ணும் இருக்கு, எதுன்னு சொல்ற அளவுக்கு எனக்கு இல்மு இல்ல, ஓதுனது நல்ல துஆ, அதை மட்டும் பிடிச்சுக்கச் சொல்லுங்கன்னாரு ஹஜ்ரத்.

சேவியர் இன்னிக்கு வரைக்கும் ஒரே பேச்சுதான். உங்க சாயல்ல சொந்தக்காரங்க யாராச்சும் இருந்திருப்பாங்க, கூட்டத்துல மாத்திப் பாத்திருப்பாங்கங்கிறாரு. நானும் விசாரிச்சுப் பாத்துட்டேன். என் சாயல்ல எங்க வகையறாவுல ஒரே ஒரு ஆளுதான் இருந்தாரு. அவரைத்தான் அன்னிக்கு அடக்கம் பண்ணுனோம்.

இப்ப என் நெலமையைக் கேளுங்க. சொந்தத்துல எங்க மவுத்துன்னாலும் பஷீரைக் கூப்பிடு, அவன் தைரியமா எறங்குவான்னு ஆயிருச்சு. நானும் போறேன். கையெல்லாம் நடுங்கும், அந்த துஆவை ஓதிக்கிட்டே எறங்குவேன். நோவு முழுசா போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன், மாத்திரையும் டாக்டர் சொன்னபடி சாப்புடுறேன், ஆனா ஓடல. நஸீமாகிட்ட நோவைச் சொல்லிட்டேன். அன்னிக்கு ஓடுனதைச் சொல்லல. ரியாஸுகிட்டயும் சொல்லல. அவனுக்கு என் நோவே தெரியாது. அவனுக்கு நான் நெஞ்சுல கை வச்சு ஓதுன அண்ணன். அதைப் பிடுங்க எனக்கு மனசு வரலன்னு சொல்லிக்கிடுறேன். உண்மையில வெக்கம்தான்.

போன நோம்புப் பெருநாளுக்கு மேலூர் போயிருந்தேன். ரியாஸும் நானும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில நின்னுக்கிட்டு இருந்தோம். அவன் கடை விஷயம் என்னமோ பேசிக்கிட்டு இருந்தவன், சாதாரணமாத்தான் கேட்டான்.

"அண்ணே, அத்தா அடக்கத்தன்னிக்கு ஒண்ணு சொன்னியே, அது மட்டும் எனக்குப் புரியவே இல்ல."

என்ன சொன்னேன்னு கேட்டேன்.

"துஆ ஓதி முடிச்சதும் என் காதுக்கிட்ட குனிஞ்சு, அவன் வருவான், வந்தா எங்க போனன்னு கேக்காத, பாவம் அவன்னு சொன்ன. சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்ட. யாருண்ணே அது? வந்தாரா?"

டீ கிளாஸைக் கீழ வச்சேன்.

"வந்துட்டான்டா"ன்னேன்.

ரியாஸ் என் மொகத்தையே கொஞ்ச நேரம் பாத்தான். அப்பறம் வேற பக்கம் திரும்பிக்கிட்டான். எங்க போனேன்னு அவன் கேக்கல.