நிறுத்த வேண்டிய இடம்

பிரிட்ஜ் பழுது பார்க்கும் அவருக்குக் கம்ப்ரசர் என்று பெயர் வைத்தவன் மச்சினன்தான். எந்நேரமும் உள்ளே சூடேறி உறுமிக்கொண்டிருப்பார் என்பதால் வைத்த பெயர். சில வருஷங்களாக அந்த உறுமலுக்குக் காரணமும் அதே மச்சினன்தான்.

நாட்டுப்பாட்டையும் ராக்கையும் ஒன்றாகக் கலக்கிய அவர்களுடைய குழு பிறந்தது கம்ப்ரசரின் கடையில். மச்சினன் பாட்டும் கிடாரும், அவனுடைய சிநேகிதி பிடில், இவர் டிரம்ஸ். எந்தக் கம்பெனியும் சீந்தவில்லை. முதல் பாட்டைக் கடையிலேயே, ஒரே மைக்கில் பதிந்தார்கள். பாதியில் கம்ப்ரசரின் கை நழுவி ஒரு குச்சி பிரிட்ஜுக்கு அடியில் உருண்டது. அவர் குனிந்து துழாவி எடுக்கும்வரை மற்ற இருவரும் வாசிப்பை நிறுத்திவிட்டு விழித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். மறுபடி பதியலாமென்றால் வாசலில் வாடிக்கையாளர் வந்து நிற்கிறார்.

"இருக்கட்டும் மாமா. யாரு கேக்கப் போறா," என்றான் மச்சினன்.

ஊரே கேட்டது. வெளியூர்க் கச்சேரிகள் வந்தன. போஸ்டரில் தன் முகம் பின்னால் போய்விட்டதென்று முறுக்கிக்கொண்டு கம்ப்ரசர் விலகினார். கெஞ்சிக்கொண்டு வருவார்கள் என்று காத்திருந்தார். அவர்களோ ஒரு புது டிரம்ஸ்காரனைப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அவருக்கு வயிறு எரிந்தது. டிவியில் குழு வந்தால், பாட்டு ஆரம்பித்த மறுகணமே சானலை மாற்றிவிடுவார்.

"தாளமா அது? தகர டப்பா."

"பொறாமைன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு சாப்பிடுங்க," என்பாள் மனைவி.

ஷட்டரை இறக்கிவிட்டு அந்த முதல் பாட்டை மட்டும் தனியே வாசித்துப் பழகினார். அன்று சறுக்கிய இடத்தை இப்போது ஓட்டை தெரியாமல் அடைத்துவிட்டார். என்றைக்காவது அந்த இருக்கையில் மறுபடி உட்கார வேண்டும்; நிஜமான கை யாருடையது என்று எல்லோரும் காதாரக் கேட்க வேண்டும். வேறு ஆசை இல்லை.

அந்த நாளும் வந்தது. உள்ளூர்க் கச்சேரிக்கு முன், பகல் ஒத்திகை. ஒரு ஓரமாக வந்து நின்றவரை மச்சினன் பார்த்துவிட்டான்.

"நம்ம முதல் பாட்டு மாமா. நீங்க வாசிங்களேன்."

புதியவன் எழுந்து, இருக்கையைத் துண்டால் துடைத்துக் கொடுத்தான். அந்த மரியாதைகூட அவருக்கு உறுத்தியது.

வாசித்தார். பிசிறில்லாமல் வாசித்தார். பாதி வந்ததும், பழைய ஓட்டையில் அவர் கைகள் புகுந்து விளையாடின. தன் சத்தம் மட்டும்தான் கேட்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. கிடார் நின்றிருந்தது. பிடிலும் நின்றிருந்தது. விளக்குக்காரர் அரங்க விளக்கு மொத்தத்தையும் அணைத்திருந்தார். இருட்டில் இவர் ஒருவர் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தார்.

விளக்கு வந்தபோது மச்சினன் தலையைக் குனிந்து கிடாரின் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். புதியவன் பக்கத்தில் வந்து, மற்றவர் காதில் விழாதபடி சொன்னான்.

"அண்ணே, இங்க நிறுத்தணும். ஜனங்க காத்துக்கிட்டு இருக்கிற இடமே இதுதான்."

"எனக்குத் தெரியாதா," என்றார் கம்ப்ரசர். குரலில் உறுமல் இல்லை.