பெயரில்லாத நீல மெத்தை

எங்கள் தேவாலயத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தியை என் கணவர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சபைக் கூட்டத்திலிருந்து கொண்டுவந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "கூரை திருத்த வழியில்லையாம். கட்டடத்தை விக்கப் போகினமாம்" என்றார். எனக்கு முதலில் வந்தது கவலை அல்ல, கோபம். கூரை ஒழுகுவது எனக்கென்ன புதினமா? பாட்டுக்காரர் வரிசைக்குப் பின்னால் வாளி வைத்தவளே நான்தான். கோபம் கொஞ்சம் ஆறிய பிறகுதான் அந்த நீல மெத்தை நினைவுக்கு வந்தது.

மொன்றியலுக்கு வந்த புதிதில் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். அங்கிருந்து தேவாலயம் நடந்துபோகிற தூரம். செங்கல் கட்டடம், ஒரு பக்கம் தெபனர் என்கிற மூலைக்கடை, மறு பக்கம் சாறிக் கடை. ஒருகாலத்தில் ரயில்வேயில் வேலை செய்த இங்கிலீசுக் குடும்பங்களால் நிறைந்திருந்த இடமாம். அவர்களுடைய பிள்ளைகள் ஒன்ராறியோவுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, காலை ஆராதனையில், உட்காரும் வாங்குகளில் முன்னிரண்டும் நிறைந்தால் அது பெருநாள். ஊரிலும் நாங்கள் அங்கிலிக்கன் சபைதான், அதே ஜெபப் புத்தகம், தமிழில். குருவானவர் ஞாயிற்றுப் பின்னேரத்தை எங்கள் தமிழ் ஆராதனைக்குத் தந்தார். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை என்று பல இடத்திலிருந்தும் வந்தவர்கள் ஈரச் சப்பாத்துகளை வாசலில் கழற்றிவிட்டு, தடித்த காலுறைகளோடு உள்ளே போவோம்.

ஒவ்வொரு வாங்கின் முதுகிலும் கொளுவிகளில் மெத்தைகள் தொங்கின. முழங்காலிடுவதற்கான சதுர மெத்தைகள். ஒவ்வொன்றிலும் கம்பளி நூலால் ஒரு சிலுவையோ லில்லிப் பூவோ பின்னி, அதன் கீழே காலமான ஒருவரின் பெயரையும் பின்னியிருப்பார்கள். சபையில் யாராவது இறந்தால் கொஞ்சக் காலத்தில் அவர் பெயரில் ஒரு மெத்தை வந்துவிடும். அது அவர்களுடைய வழக்கம்.

எங்கள் வழக்கம் வேறு. தெரியாத்தனமாக ஒரு புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற ஆட்கள் நாங்கள். சிலுவையின் மேல், அதுவும் செத்தவரின் பெயரின் மேல், முழங்காலைக் கொண்டுபோய் வைப்பதா? யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் ஞாயிறே எல்லோரும் மெத்தைகளில் கால் படாதபடி எடுத்து, வாங்கில் பக்குவமாக வைத்துவிட்டு, வெறும் பலகையில் முழங்காலிட்டோம். அந்தப் பலகையின் குளிர் எலும்புக்குள் போகும்.

அந்த மெத்தைகளைப் பின்னிய பெண்களில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வெள்ளைக்கார அம்மா. உயரமானவர், வளையாத முதுகு. பீடத்துத் துணிகளைத் துவைத்து மடிப்பது அவர் பொறுப்பு. எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, ஆராதனை முடியும்வரை கடைசி வாங்கில் இருந்து, பிறகு பூட்டிக்கொண்டு போவார். தமிழில் ஒரு சொல் விளங்காது, ஆனாலும் கடைசிவரை இருப்பார்.

பனி கொட்டுகிற அந்த மாரியில் என் மகள் என் வயிற்றில். ஒரு ஞாயிறு பலகையிலிருந்து எழும்ப முடியாமல் நான் முன்வாங்கைப் பிடித்துக்கொண்டு தத்தளித்ததை அவர் பார்த்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் கிட்ட வந்து மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டார்: "எங்கள் மெத்தைகள் உங்களுக்கு அழுக்காகத் தெரிகின்றனவா?"

குறை பிடிக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். எனக்குச் சுர்ரென்றது. பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தை எல்லாம் திரட்டிப் படபடவென்று சொல்லிவிட்டேன்: அழுக்கென்று யார் சொன்னது, அவை பரிசுத்தமானவை, ஒருவர் பெயரை மிதிக்க எங்களுக்கு மனம் வராது. அவர் அப்படியே வாங்கில் இருந்துவிட்டார். இத்தனை நாளும் நாங்கள் அருவருப்பில் ஒதுக்குகிறோம் என்று நினைத்து உள்ளுக்குள் வெந்திருக்கிறார், பாவம். பிறகு ஒரு மெத்தையைத் தூக்கிக் காட்டினார். அதில் இருந்தது அவருடைய கணவரின் பெயர்.

"நான் மிதிப்பதில்லை" என்றார். "முழங்காலிடும்போது அவர் என்னைத் தாங்குகிறார்."

இதை எங்கள் பெண்களிடம் வந்து சொன்னேன். வாங்கில் எப்போதும் எனக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா, எங்களுக்கெல்லாம் பாட்டு எடுத்துக் கொடுப்பவர், கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "அவ சொல்லுறது நல்ல நியாயம்தான், பிள்ளை. ஆனா என்ரை முழங்காலுக்கு ஆர் விளங்கப்படுத்துறது?" என்றார். அடுத்த ஞாயிறும் மெத்தைகள் வாங்கில்தான் இருந்தன. அக்கா மட்டும் ஒரு பழைய சால்வையை மடித்துக் கொண்டுவரத் தொடங்கினார்.

உயிர்த்த ஞாயிறுக்குக் கொஞ்சம் முன்னால் அந்த அம்மா ஒரு பையை என் கையில் தந்தார். உள்ளே ஒரு நீல மெத்தை. வெறும் நீலம்.

"சிலுவை இல்லை, பூ இல்லை, பெயர் இல்லை. இதில் முழங்காலிடலாம், இல்லையா?"

மாரி முழுக்க இருந்து பின்னியிருக்கிறார். நான் அழுதுவிட்டேன். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு அழ என்ன காரணம் வேண்டும்!

மகள் பிறந்தாள், அந்த மெத்தையில் தலைவைத்துப் பிரசங்கம் முழுக்க நித்திரை கொண்டாள், கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்துக்குப் போனாள், பிரெஞ்சில் என்னோடு சண்டை பிடிக்கப் பழகினாள். காலையில் வருகிற ஆட்கள் குறையக் குறைய இரண்டு ஆராதனையும் ஒன்றாயிற்று. ஒரு பாட்டு ஆங்கிலத்தில், அடுத்தது தமிழில். கீழ் மண்டபத்தில் அவர்களுடைய கேக்குக்குப் பக்கத்தில் எங்கள் மீன் ரோல்ஸ். அந்த அம்மா காது சிவக்க ஒன்றைத் தின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றை எடுப்பார். கோப்பைச் சத்தம், பிள்ளைகள் ஓடுகிற சத்தம், மூன்று பாஷையில் ஒரே நேரத்தில் கதை. அந்த இரைச்சலை நினைத்தால் இப்போதும் நெஞ்சு ஏங்குகிறது. பிறகு எங்கள் ஆட்களும் புறநகர்ப் பக்கம் வெளிக்கிட்டார்கள், பியர்பொன்ட்ஸில் வீடு, கர்க்லாண்டில் வீடு என்று. நாங்களும்தான் போனோம், மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஞாயிறுகளில் காரில் வருவோம். பனி கொட்டினால் அதுவும் இல்லை.

ஒருநாள் கீழ் மண்டபத்தில் அந்த அம்மா, காலமாகிப்போன தன் கடைசித் தோழிக்கு மெத்தை பின்னிக்கொண்டிருந்தார். "எனக்கொரு மெத்தை பின்ன இனி ஆள் இல்லை" என்று சிரித்தார்.

"ஏன், நாங்கள் இல்லையா?" என்று கேட்டேன்.

மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "நீ பின்னுவாய். ஆனால் பெயர் போட்டால் முழங்காலிட மாட்டாயே. பிறகு நான் யாரைத் தாங்குவது?"

பகிடியாகத்தான் சொன்னார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

போன மாரியில் அவர் காலமானார். பிள்ளைகள் இல்லை, அடக்கத்துக்கு நின்றது நாங்கள்தான். தமிழில் பாடி அனுப்பினோம். அதற்குப் பிந்திய கோடையில்தான் மூடுகிற செய்தி வந்தது.

"மெத்தையளை என்ன செய்யப் போகினம்?" என்று கணவரைக் கேட்டேன்.

"சொந்தக்காரர் வந்தா எடுக்கலாமாம். மிச்சத்தை ஆருக்கும் குடுப்பினம்."

"அப்ப அந்த அம்மான்ரை பேர்?"

"அவவின்ரை பேரிலை ஒரு மெத்தையும் இல்லையேப்பா."

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. செத்தவர்கள் எல்லோருக்கும் அங்கே பெயர் இருந்தது, அந்தப் பெயர்களைப் பின்னியவருக்கு இல்லை. கட்டடமும் போய்விட்டால் அவர் பெயரை வைக்க ஓர் இடமும் இராது.

நீல மெத்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெள்ளைக் கம்பளி நூல் வாங்கிக்கொண்டு குந்தினேன். தையல் வகுப்பில் ரீச்சரிடம் குட்டு வாங்கிய கை இது. "எழுத்து ஒரு பக்கமாச் சரியுது" என்று கணவர் எட்டிப் பார்த்துச் சொன்னார். "உங்கடை கையெழுத்தைவிட வடிவுதான், போங்கோ" என்றேன். ஆனால் பின்னப் பின்ன எனக்குள் ஒரு பயம் வந்தது. பெயர் போடாவிட்டால் அவரை மறந்துவிடுவார்கள். போட்டால், நான் முழங்காலிட வேண்டுமென்று அவர் வெறுமையாகத் தந்த ஒரே மெத்தையில் இனி முழங்காலிட ஏலாது. அன்றைக்குச் சிரித்த பகிடி இப்போது பகிடியாக இல்லை. அழுதுகொண்டுதான் கடைசி எழுத்தை முடித்தேன்.

கடைசி ஆராதனைக்குப் பேராயர் வந்தார். கர்க்லாண்டிலிருந்தும் பியர்பொன்ட்ஸிலிருந்தும் ஒருவர் மிச்சமில்லாமல் வந்தார்கள். மூடுகிற அன்றைக்கு மட்டும் நிற்க இடமில்லை! என் இடத்தில், அக்காவுக்குப் பக்கத்தில், மெத்தையைக் கீழே வைத்தேன். வெள்ளை எழுத்துகள் கோணல்மாணலாக மேலே பார்த்தன.

"முழங்காலிடுவோம்" என்றார் குருவானவர்.

எல்லோரும் பலகைக்கு இறங்கினார்கள். நான் மட்டும் நின்றேன். என் முழங்கால் மடங்க மறுத்தது. பிறகு குனிந்து, அந்தப் பெயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். 'தாங்குங்கோ அம்மா' என்று, அவருக்கு விளங்காத தமிழில், மனதுக்குள் சொன்னேன். பெயரின் மேல் முழங்காலிட்டேன். மெத்தை மெதுவாகப் பதிந்து என்னை ஏந்தியது.

அக்கா என்னையும் மெத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். மடித்த சால்வையை எடுத்து வாங்கில் போட்டார்.

"கொஞ்சம் தள்ளு, பிள்ளை" என்றார்.

தள்ளினேன். அவரும் குனிந்து எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு, என் தோளைப் பிடித்தபடி, தன் நோகிற முழங்காலைப் பெயரின் கடைசி எழுத்தில் வைத்தார்.

"ரெண்டு பேருக்கும் இடம் காணும்" என்றார்.