கரடிக்கு இரண்டு ஆள் கேட்டவர்

செய்தி வந்தபோது நான் ஆள் எடுத்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறைக்காக எங்கள் கேளிக்கைப் பூங்காவுக்குத் தற்காலிக ஊழியர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் அது. தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்திருந்தோம். எதிரே உட்கார்ந்திருந்த பெண் தனக்கு நீச்சல் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. தவமணி சார். எங்கள் ஸ்டெல்லா மேடத்தின் கணவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வெளியே வந்து பேசினேன்.

“சேகர், ஸ்டெல்லா போயிட்டா. காலைல காப்பி குடிச்சிட்டு நாற்காலில சாஞ்சவதான். எழுந்திரிக்கல.”

அவரே தொடர்ந்தார். “இன்னைக்கு ஆள் எடுக்கற நாள்தானே? முடிச்சிட்டு வாங்க. பாதில எழுந்து வந்தீங்கன்னா, ஏன் விட்டேன்னு என்னைத்தான் திட்டுவா.”

அவர் சொன்னது உண்மை. நான் உள்ளே போய், நீச்சல் தெரிந்த பெண்ணிடம் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

மறுநாள் சேலையூரில் அவர்கள் வீட்டுத் தெரு கூட்டம் கொள்ளவில்லை. இருபது வயதுக்காரர்கள் வந்திருந்தார்கள், நரைத்த தலைகளும் வந்திருந்தன. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், “இவங்கள்லாம் யாரு மாப்ள?” என்று கேட்டார். தவமணி சார் சுற்றிலும் பார்த்துவிட்டு, “எல்லாரும் ஸ்டெல்லாவோட சீசன் ஆளுங்க” என்றார்.

மேடத்தை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வண்டலூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியிருக்கிறது எங்கள் பூங்கா. நிரந்தர ஊழியர்கள் சிலர்தான். ஏப்ரல், மே மாதங்களிலும் பொங்கல், கிறிஸ்துமஸ் விடுமுறைகளிலும் கூட்டம் நெருக்கியடிக்கும்போது வெளியிலிருந்து ஆள் சேர்ப்பார்கள். ராட்டினத்தை ஓட்ட, டிக்கெட் கிழிக்க, அலைக்குளத்தின் கரையில் விசில் ஊத, எல்லாவற்றுக்கும் சீசன் ஆட்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் அவர்களை யாரும் தேட மாட்டார்கள். அப்படி வருகிறவர்களைத் தேர்ந்தெடுப்பதும், எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வதும், அவர்கள் சம்பளத்துக்காக நிர்வாகத்தோடு மல்லுக்கு நிற்பதும் ஸ்டெல்லா மேடத்தின் வேலை. கடைசியாகச் சொன்னது அவருடைய வேலைப் பட்டியலில் கிடையாது. அவராகச் சேர்த்துக்கொண்டது.

நானும் ஒரு சீசன் ஆளாகத்தான் போனேன். மறைமலை நகரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தேன். எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள். நாற்பது வயதில், கோவிலம்பாக்கத்திலிருந்து பஸ் ஏறிப் போய், கல்லூரி மாணவர்கள் நிற்கும் வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர்கள் நான் யாருக்கோ துணைக்கு வந்த அப்பா என்று நினைத்து வழிவிட்டார்கள். மேடம் என்னைவிட ஓரிரு வயதுதான் மூத்தவர்.

“இங்க ரெண்டு மாசந்தான் வேலை. அதுக்கப்புறம் என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார்.

அதுவரை எந்த நேர்காணலிலும் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. “தெரியல மேடம்” என்றேன்.

“எனக்கும் தெரியல. ஜூன் வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் யோசிப்போம்.”

மஞ்சள் டீ-ஷர்ட்டும் தொப்பியும் கொடுத்து ரோலர் கோஸ்டரில் நிறுத்தினார். பெல்ட்டை இழுத்துப் பார்ப்பது, கம்பியை அழுத்திப் பார்ப்பது, கட்டை விரலை உயர்த்துவது. முதல் சில நாள் தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றேன். பிறகு, வண்டி திரும்பி வந்து நிற்கும்போது இறங்குகிறவர்களின் முகங்களைப் பார்க்கப் பழகினேன். அந்த முகங்களைப் பார்த்தால் தொப்பி தானாக மேலே போய்விடும். ஜூன் வந்தபோது, மேடம் யோசித்து முடித்திருந்தார். பராமரிப்புப் பிரிவில் என்னைச் சேர்த்துவிட்டிருந்தார். சில வருடங்களில் ரைடுகளுக்குப் பொறுப்பாளர் ஆனேன். ‘சேகர்’ என்று கூப்பிட்டவர் அன்றிலிருந்து ‘சேகர் சார்’ என்றார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

அவரை எல்லாருக்கும் பிடித்திருந்தது என்று எழுதினால் அது பொய். மேடத்துக்குக் கோபம் வரும். சர்ச்சில் தன்னோடு பாடகர் குழுவில் பாடும் சிநேகிதியின் மகனை ஒரு சீசனில் வேலைக்கு எடுத்தார். உயரக் கோட்டைத் தொடாத ஒரு குழந்தையை, அதன் தகப்பனாரின் கெஞ்சலுக்கு இரங்கி அவன் ரைடில் ஏற்றிவிட்டான். அன்றே கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பினார். சிநேகிதி வெகுகாலம் இவரோடு பேசவில்லை. கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். “அவ பேசாட்டி பரவால்ல. அந்தக் குழந்தை பேசிட்டிருக்குல்ல” என்றார்.

இப்போது கரடிக்கு வருகிறேன். பூங்கா வாசலில் குழந்தைகளோடு கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ள, நீலச் சட்டை போட்ட பொம்மைக் கரடி ஒன்று உண்டு. அதற்குள் இருந்தவர் பாபு, கோயில் திருவிழா மேடைகளில் ஆடும் நடனக் கலைஞர். அவர் வந்த பிறகு கரடிக்குத் தனி ரசிகர் கூட்டமே சேர்ந்தது. ஒரு மே மாத மத்தியானம் கரடி ஆடிக்கொண்டே இருந்து அப்படியே உட்கார்ந்து, பிறகு சரிந்தது. ஆட்டத்தில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்துக் குழந்தைகள் கைதட்டினார்கள். நாங்கள் ஓடிப்போய்த் தலையைக் கழற்றினோம். முதலுதவி அறையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது பாபு கண் திறந்தார்.

“உள்ள அடுப்பு மாதிரி கீது மேடம். பத்து நிமிசம் தலைய கயட்டி வெச்சா போதும், மறுபடி ஆடுவேன். ஆனா நான் கயட்டிட்டா கரடி எங்கன்னு கேக்கறாங்க, இன்னா பண்ண சொல்றீங்க?”

மேடம் நேராகப் பொது மேலாளரிடம் போனார். கரடிக்கு இரண்டு பேர் வேண்டும், மாறி மாறிப் போடட்டும் என்றார். மேலாளர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு மேலே இருப்பவர்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். “ஒரு கரடிக்கு ஒரு ஆளுதான் மேடம் பட்ஜெட்ல இருக்கு. வேணா ரெண்டு பேரு போடுங்க, அந்த ஒரு சம்பளத்தை ரெண்டு பேரும் பிரிச்சுக்கட்டும்” என்றார்.

மறுநாள் மத்தியானம் மேடம் என்னைக் கூப்பிட்டு, “முதுகுல ஜிப்பை இழுத்து விடுங்க சேகர் சார்” என்றார். அவர் கரடிக்குள் இருந்தார். தடுத்துப் பார்த்தேன். தலையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்துவிட்டார். அன்றைக்குக் கரடி பாபுவைப் போல ஆடவில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதுபோல இரண்டு கைகளையும் மேலும் கீழும் அசைத்தது. ஒரு குழந்தை வாலைப் பிடித்து இழுத்தபோது, இடுப்பில் கைவைத்துத் திரும்பிப் பார்த்தது. நிற்கும் அந்தத் தோரணையைப் பார்த்ததும் டிக்கெட் கவுன்டரில் இருந்தவர்களுக்கு உள்ளே யார் என்று புரிந்துவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பாபு சரிந்த நேரம் வரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்று மேடம் நினைத்திருந்தார். முடியவில்லை. அதற்கு வெகு முன்பே என் தோளைப் பிடித்துக்கொண்டு, “மேலாளர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார். போய் அங்கிருந்த நாற்காலியில் கரடி உட்கார்ந்தது. தலையைக் கழற்றியது. மேடத்தின் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேலாளர் எழுந்து நின்றுவிட்டார்.

“சார், என் சம்பளம் என்னன்னு உங்களுக்குத் தெரியும். அந்தச் சம்பளத்துக்கே என்னால இதுக்குள்ள இருக்க முடியல. பாபுவுக்கு நாம குடுக்கறதை ரெண்டாப் பிரிக்கச் சொல்றீங்க.”

மேலாளர் தண்ணீர் வரவழைத்தார். யோசிக்கலாம் என்றார். மேடம் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தலையைத் திரும்ப மாட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. ஆண்டுச் சுற்றுலாவுக்கு மொத்தமாக டிக்கெட் பேச, ஒரு பள்ளியின் தலைமையாசிரியை வந்திருந்தார். கரடி எழுந்து அவருக்கு மரியாதையாகக் கைகொடுத்தது.

“இவங்க…” என்று மேலாளர் தடுமாறி, “எங்க ஸ்டாஃப் மேனேஜர்” என்றார்.

“எதுக்காக இப்படி?” என்று தலைமையாசிரியை கேட்டார். கரடி உள்ளிருந்தபடியே விளக்கமாகப் பதில் சொன்னது. தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நின்றது. மேலாளரைப் பார்த்து, “எங்க பிள்ளைங்க வர்றப்போ கரடி நல்லா இருக்கணும் சார்” என்றார். மேலாளர் கரடியின் பக்கம் திரும்பினார். “ரெண்டு ஆளு. ரெண்டு முழுச் சம்பளம். போய் அதைக் கழட்டுங்க மேடம், உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா தவமணி சார் என்னைக் கேப்பாரு” என்றார்.

பாபு திரும்பி வந்தார். தன் குழுவிலேயே ஆடும் ஒருவரையும் அழைத்துவந்தார். “ஆனா மேடம், நீங்க ஆடுனதா சொன்னாங்களே, அத்த மட்டும் மறுபடி பண்ணாதீங்க. கரடி பேரு கெட்டுடும்” என்றார். மேடம் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு கேண்டீன் வரை கேட்டது.

ஒன்று கிடைத்ததும் அடுத்ததைக் கேட்கும் குணம் அவருக்கு. மழைக்குப் பூங்கா மூடினால், வந்து நிற்கும் சீசன் ஆட்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பும் வழக்கம் இருந்தது. “வான்னு கூப்ட்டது நாம. மழையா அவங்களைக் கூப்ட்டுது?” என்று கேட்டுக் கேட்டு, அந்த நாளைப் பயிற்சி நாளாக்கிச் சம்பளம் வாங்கிக்கொடுத்தார். பயிற்சி என்றால் முதலில் உண்மையாகவே பயிற்சிதான். அது முடிந்ததும் கேண்டீனில் சூடான பஜ்ஜி, பாட்டுக்குப் பாட்டு. வெளியே வர்தா புயலே அடித்தாலும் மேடத்தின் அணி தோற்காது. பாட்டு மறந்துபோனால் சர்ச்சில் பாடும் ஞானப்பாட்டைப் பாடுவார், அதை யாராலும் மறுக்க முடியாது.

மே கடைசி வாரம் அவர் கைப்பேசி ஓயாது. பள்ளிக்கரணைப் பக்கத்து ஓட்டல், குரோம்பேட்டை துணிக்கடை, மறைமலை நகர் கம்பெனிகள் என்று தெரிந்தவர்களையெல்லாம் அழைத்து, யாருக்காவது ஆள் வேண்டுமா என்று கேட்பார். இதெல்லாம் நம் வேலையா மேடம் என்று ஒருவர் கேட்டபோது, “ஜூன் மாசமும் இவங்களுக்குப் பசிக்கும்ல” என்றார். எல்லாருக்கும் வேலை கிடைத்ததில்லை. கிடைக்காதவர்கள் பெயர் அடுத்த சீசனில் முதலில் அழைக்கப்படும்.

ஆள் எடுக்கும் வேலையை என்னிடம் ஒப்படைத்து ஓய்வுபெற்ற பிறகு, போன பொங்கல் விடுமுறையில் தவமணி சாரோடு பூங்காவுக்கு வந்தார். டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் வருவேன் என்று அடம்பிடித்து, வரிசையில் நின்று வந்தார். ராட்சத ராட்டினத்தில் மூவரும் ஏறினோம். கீழே மற்றக் கூண்டுகளில் ஆள் ஏற்றும்வரை உச்சியில் எங்கள் கூண்டு நின்றது. வண்டலூர் மலை தெரிந்தது, சாலையில் வண்டிகள் ஊர்ந்தன, மீனம்பாக்கத்தை நோக்கி ஒரு விமானம் தாழ்ந்துகொண்டிருந்தது. தவமணி சார் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே வந்தார். மேடம் நேர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சேகர் சார், படகு ரைடுல ஒருத்தரே நிக்கறாரு. மணி என்ன ஆச்சு, அவரு எப்ப சாப்பிடுவாரு?”

“கீழ போனதும் ஆள் அனுப்பறேன் மேடம்.”

“இங்கயும் சிக்னல் இருக்கு.”

கைப்பேசியை எடுத்துப் பேசினேன். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படகு ரைடுக்கு வந்தார். அங்கே நின்றிருந்தவர் விசிலைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, சோம்பல் முறித்து, கேண்டீனை நோக்கி நடந்தார். அவர் கேண்டீன் வாசலுக்குள் நுழையும்வரை மேடம் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு ராட்டினம் வேகமெடுத்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் தவமணி சாரின் சட்டைப் பையில் வைத்தார். இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். கூண்டு சரேலென்று இறங்கியபோது, சின்னப் பெண்ணைப் போலக் கூச்சலிட்டுச் சிரித்தார். என் நினைவில் அவர் அப்படித்தான் இருக்கிறார். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் மேடம். இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.